வடகிழக்குப் பருவமழைக் காலம்: தமிழகக் கரையும் வங்கக் கடலும் – கேள்வி பதில்

அக்டோபர் முதல் டிசம்பர் வரை தமிழகக் கரையோரத்திலும் அதை ஒட்டிய கடற்பகுதிகளிலும் வானிலை எப்படி அமையும், வெளியாகும் முன்னறிவிப்புகளை எப்படிப் புரிந்துகொள்வது என்று பலரும் கேட்டிருந்தார்கள். வானிலையை நெடுங்காலமாகக் கவனித்து வருபவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்தவற்றை இங்கே தருகிறேன்.

கேள்வி (கடலூர்): அக்டோபர் முதல் வாரத்திலேயே மாலை நேரங்களில் இடியுடன் நல்ல மழை பெய்கிறது. பருவமழை தொடங்கிவிட்டது என்று கொள்ளலாமா?

பதில்: கொள்ள முடியாது. பகல் வெப்பத்தால் உள்மாவட்டங்களில் திரளும் இடிமேகங்கள் மேற்குக் காற்றால் கரைப் பக்கம் நகர்த்தப்படுவதால் பெய்யும் மழை அது. தென்மேற்குப் பருவக்காற்று ஆந்திரக் கரையோரம் வரை விலகி, தமிழகக் கரையில் கிழக்குக் காற்று நிலைபெற்று, அந்தக் காற்று தரையிலிருந்து சுமார் ஒன்றரை கிலோமீட்டர் உயரம் வரை பரவி, கரையோர மாவட்டங்களில் பரவலாக மழையும் பெய்தால்தான் வடகிழக்குப் பருவமழை தொடங்கியதாக வானிலை ஆய்வு மையம் அறிவிக்கும். இயல்பான நாள் அக்டோபர் 20-ஐ ஒட்டியது. தொடக்கம் ஒரு வாரம் தள்ளிப்போவதை வைத்து மொத்த மழை குறையும் என்று முடிவு கட்ட வேண்டாம். நவம்பரில் இரண்டு நல்ல சுற்றுகள் அமைந்தாலே கணக்கு மாறிவிடும்.

கேள்வி (திருவாரூர்): “இயல்பான மழை” என்று பருவத்தின் தொடக்கத்தில் அறிவிக்கிறார்கள். சம்பா நடவு செய்திருக்கும் நான் அதை நம்பி இருக்கலாமா, ஐயா?

பதில்: அந்த அறிவிப்பு மூன்று மாதங்களின் மொத்த மழையைப் பற்றியது, அதுவும், இயல்பைவிடக் குறைவாகவோ இயல்பாகவோ அதிகமாகவோ பெய்வதற்கு எவ்வளவு வாய்ப்பு உண்டு என்ற அளவில் மட்டுமே சொல்லப்படுவது. இந்த மூன்று மாதங்களில் தமிழகத்தின் இயல்பு அளவு ஏறக்குறைய 44 சென்டிமீட்டர். ஆண்டு மழையில் கிட்டத்தட்டப் பாதி இதுதான். ஆனால் அந்த 44 சென்டிமீட்டர் சீராக வருவதில்லை. இரண்டு மூன்று பெருமழை நாட்களிலேயே அதில் பெரும்பங்கு வந்து வயலை மூழ்கடித்துவிட்டு, அடுத்த இரண்டு வாரங்கள் வெயிலாகக் காய்ந்தாலும் ஏட்டில் அது இயல்பான பருவம்தான். ஆகவே பருவ அறிவிப்பை நீர்த்தேக்கம், பயிர்த் திட்டம் போன்ற நீண்டகால முடிவுகளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். உரமிடுவதையும் வடிகாலைத் திறப்பதையும் ஐந்து நாள் முன்னறிவிப்பைப் பார்த்து முடிவு செய்யுங்கள். வடிகால் வாய்க்காலை மட்டும் எந்த அறிவிப்புக்கும் காத்திராமல் அக்டோபருக்கு முன்பே தூர்வாரிவிடுவது நல்லது.

கேள்வி (சென்னை): எல் நினோ ஆண்டில் நமக்கு மழை அதிகம், லா நினா ஆண்டில் குறைவு என்பது உண்மையா?

பதில்: பசிபிக் கடலின் நடு, கிழக்குப் பகுதிகளில் மேற்பரப்பு நீர் இயல்பைவிட வெப்பமாக இருப்பது எல் நினோ, குளிர்ந்திருப்பது லா நினா. நீங்கள் சொல்வது பொதுப்போக்காக உண்மை; ஒரு தனி ஆண்டுக்கு உறுதிமொழி அல்ல. 2015-இல் வலுவான எல் நினோ இருந்தது. டிசம்பர் தொடக்கத்தில் சென்னை பட்ட வெள்ளத்தை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அடுத்த ஆண்டு, 2016-இல், மெலிதான லா நினாவுடன் இந்தியப் பெருங்கடலின் மேற்குப் பகுதி குளிர்ந்தும் கிழக்குப் பகுதி வெப்பமுற்றும் இருந்தது. மாநிலத்தில் இயல்பில் பாதி மழைகூடக் கிடைக்கவில்லை. ஆனால் 2021-உம் லா நினா ஆண்டுதான், அப்போதோ மழை இயல்பைவிட மிகுதியாகக் கொட்டியது. பசிபிக் கடலோடு இந்தியப் பெருங்கடலின் வெப்பநிலையும், நிலநடுக்கோட்டை ஒட்டி 30 முதல் 60 நாட்களுக்கு ஒருமுறை கிழக்கு நோக்கி நகரும் மேகத்திரளின் இருப்பிடமும் சேர்ந்தே பருவத்தைத் தீர்மானிக்கின்றன. அந்த மேகத்திரள் இந்தியப் பெருங்கடலின் மீது இருக்கும் வாரங்களில்தான் வங்கக் கடலில் தாழ்வுப் பகுதிகள் உருவாகும் வாய்ப்பு கூடுகிறது.

கேள்வி (சென்னை): கரையோரத்தில் மட்டும் பின்னிரவிலும் அதிகாலையிலும் மழை வலுப்பது ஏன்?

பதில்: இரவில் குளிர்ந்த நிலப்பகுதியிலிருந்து கடலை நோக்கி வரும் தரைக்காற்று, கடலிலிருந்து வரும் வடகிழக்குக் காற்றைக் கரைக்கு அருகே சந்திக்கிறது. இரண்டும் மோதி மேலெழும் இடத்தில் மேகம் திரண்டு, விடியலில் கரையேறுகிறது.

கேள்வி (தூத்துக்குடி): புயல் எதுவும் இல்லாமலேயே 2023 டிசம்பரில் எங்கள் மாவட்டம் மூழ்கியது. அப்படியானால் எதைப் பார்த்து எச்சரிக்கையாக இருப்பது?

பதில்: இந்தக் கேள்வியைத்தான் எல்லோரும் கேட்க வேண்டும் என்று விரும்புகிறேன். அந்த டிசம்பர் 17, 18 தேதிகளில் குமரிக்கடல் பகுதியில் இருந்தது ஒரு வளிமண்டலச் சுழற்சி மட்டுமே. அதற்குப் பெயர்கூட இல்லை. ஆனால் அது நகராமல் நின்று கடலின் ஈரத்தை இடைவிடாமல் கரைக்கு இழுத்ததால், காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் ஏறக்குறைய 95 சென்டிமீட்டர் பெய்தது. உங்கள் மாவட்டத்தின் ஓராண்டுச் சராசரியை விடவும் அது அதிகம். அதே மாதத் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல் சென்னையில் கரையைக் கடக்கவே இல்லை, ஆந்திராவின் பாபட்லா அருகேதான் கடந்தது. இருந்தும் சென்னைக்கு அருகே மெதுவாக ஊர்ந்து சென்றதால் நகரம் வெள்ளத்தில் தத்தளித்தது. 2024 நவம்பர் 30 அன்று புதுச்சேரி அருகே கரையேறிய ஃபெஞ்சல், அங்கேயே பல மணி நேரம் நின்றுவிட்டதால் விழுப்புரம் மாவட்டத்தின் மயிலத்தில் சுமார் 50 சென்டிமீட்டர் பெய்தது. இதற்கு நேர்மாறாக, 2016 டிசம்பர் 12 அன்று சென்னை வழியாகவே கடந்து மரங்களைச் சாய்த்த வர்தா, அந்த ஆண்டின் மழைப் பற்றாக்குறையைத் தீர்க்கவில்லை.

புயல், தீவிரப் புயல் என்ற வகைப்பாடு காற்றின் வேகத்தை மட்டும் வைத்துச் செய்யப்படுவது. மணிக்கு 62 கிலோமீட்டரைத் தொட்டால்தான் புயல் என்ற பெயரே கிடைக்கும். மழையின் அளவை அது சொல்லாது. ஆகவே சுழற்சி எங்கே நிற்கிறது, எவ்வளவு வேகமாக நகர்கிறது, எத்தனை நாள் நிற்கும் என்ற மூன்றையும் கேளுங்கள். சிவப்பு எச்சரிக்கையில் 20 சென்டிமீட்டருக்கு மேற்பட்ட அதி கனமழை என்று சொல்லப்பட்டால், பெயர் சூட்டப்பட்ட புயல் இல்லை என்பதற்காகத் தாழ்வான இடங்களில் தங்கியிருக்காதீர்கள்.

கேள்வி (இராமநாதபுரம்): பாக் நீரிணைப் பக்கமும் மன்னார் வளைகுடாப் பக்கமும் தொழில் செய்கிறோம். இந்த மாதங்களில் எந்தக் கடல் அமைதியாக இருக்கும்?

பதில்: வாடைக் காற்று வலுக்கும் காலத்தில் பாக் நீரிணைப் பக்கம் கொந்தளிக்கும். அங்கே கடல் ஆழம் குறைவு என்பதால் அலைகள் குட்டையாகவும் செங்குத்தாகவும் எழுந்து சிறு படகுகளைப் புரட்டும். தென்மேற்குப் பருவத்தில் கலங்கியிருந்த மன்னார் வளைகுடா இப்போது ஒப்பளவில் அடங்கியிருக்கும். ஆனால் குமரிக்கடலில் சுழற்சி உருவானால் அந்த அமைதியை நம்பக் கூடாது. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி, கரைக்கு வெகு அருகிலேயே மிகக் குறுகிய நேரத்தில் புயலாக வலுத்தபோது ஏராளமான மீனவர்கள் ஆழ்கடலில் இருந்தார்கள். “சூறாவளிக் காற்று மணிக்கு 45 முதல் 55 கிலோமீட்டர் வேகத்தில் வீசக்கூடும்” என்ற அறிவிப்பு உங்கள் பகுதிக்கு வந்தால், கரையில் வானம் தெளிவாக இருந்தாலும் இறங்க வேண்டாம். பல நாள் தங்கலுக்குச் செல்பவர்கள் புறப்படும் நாளின் நிலவரத்தோடு நிறுத்தாமல், திரும்பும் நாள் வரைக்குமான காற்று, அலை முன்னறிவிப்பையும் பார்த்தே கிளம்ப வேண்டும்.

கேள்வி (நாகப்பட்டினம்): துறைமுகத்தில் ஒன்றாம் எண் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றினால் ஊரில் மழை நிச்சயமா?

பதில்: இல்லை. தொலைவில் கடலில் ஒரு தாழ்வு மண்டலம் போன்ற அமைப்பு இருக்கிறது என்று கப்பல்களுக்கும் படகுகளுக்கும் சொல்வதே ஒன்றாம் எண். மூன்று, நான்கு எண்கள் துறைமுகத்தையே பாதிக்கும் வானிலையைக் குறிக்கும். ஐந்து முதல் ஏழு வரை அபாயம், எட்டு முதல் பத்து வரை பெரும் அபாயம். பதினொன்று, எச்சரிக்கை மையத்துடன் தொடர்பு அறுந்துவிட்டதைக் காட்டும். ஊருக்குள் பெய்யும் மழைக்கு மாவட்ட வாரியான எச்சரிக்கையைத்தான் பார்க்க வேண்டும்.