காதில் ஓயாத இரைச்சல்: ‘பழகிக்கொள்ளுங்கள்’ என்று சொல்லி அனுப்பிவிட்டால்?

கேள்வி: எனக்கு வயது 47. அச்சகத்தில் வேலை. ஏழெட்டு மாதமாக இடது காதில் சில்வண்டு கத்துவதுபோல ஓர் இரைச்சல். பகலில் வேலை மும்முரத்தில் தெரிவதில்லை. படுத்தால் அதுதான் கேட்கிறது, தூக்கம் போய்விட்டது. மருத்துவரிடம் காட்டினேன். காதுக்குள் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, “காது நன்றாகத்தான் இருக்கிறது. இதற்கு மருந்து கிடையாது, பழகிக்கொள்ளுங்கள்” என்று வைட்டமின் மாத்திரையும் தலைச்சுற்றல் மாத்திரையும் எழுதிக் கொடுத்தார். மாதக்கணக்கில் சாப்பிட்டும் பலனில்லை. இணையத்தில் தேடினால் மூளைக் கட்டி என்கிறார்கள். ஸ்கேன் எடுக்க வேண்டுமா? யாரிடம் போவது? காலம் முழுக்க இப்படியேதானா?

பதில்: உங்கள் மருத்துவர் சொன்னதில் பாதி சரி. இரைச்சலை நிறுத்திவிடும் மாத்திரை இன்றுவரை இல்லை. அதனால் செய்வதற்கே ஒன்றுமில்லை என்று ஆகிவிடாது. உங்களுக்கு இன்னும் முதல் பரிசோதனையே நடக்கவில்லை. கடிதம் முழுக்கப் படித்தும் செவித்திறன் சோதனை செய்ததாக ஒரு வரிகூட இல்லை. விளக்கடித்துப் பார்த்தால் தெரிவது காதுக் குழாயும் செவிப்பறையும்தான். குழாயில் குறும்பி அடைத்திருந்தாலோ, நடுச்செவியில் நீர் கோத்திருந்தாலோ அதிலேயே பிடிபட்டுவிடும். சரிசெய்தால் இரைச்சலும் போய்விடலாம். ஆனால் காதிரைச்சலில் பெரும்பங்குக்குக் காரணமான உட்செவி, எலும்புக்குள் புதைந்து கிடக்கிறது. அதன் நிலவரம் செவித்திறன் சோதனையின் வரைபடமான ஆடியோகிராமில்தான் தெரியும்.

ஆகவே, பொது மருத்துவரிடமே மறுபடியும் போகாமல் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போங்கள். அவரிடம் செவித்திறன் சோதனை செய்யும் ஆடியாலஜிஸ்ட் இருக்கிறாரா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். ஆடியாலஜிஸ்ட் இல்லாத இடத்தில் காதிரைச்சலுக்கு மருத்துவம் பார்ப்பது அரைகுறையாகத்தான் முடியும்.

சோதனை எளிது, வலியில்லை. ஒலிபுகா அறையில் உட்கார வைத்து, ஹெட்போன் மாட்டி, கையில் ஒரு பொத்தானைக் கொடுப்பார்கள். 250 முதல் 8000 ஹெர்ட்ஸ் வரை ஒவ்வொரு சுருதியிலும் ஒலி மெல்லியதாகிக்கொண்டே போகும். கேட்கும்வரை அழுத்த வேண்டும். இங்கேதான் காதிரைச்சல் உள்ளவர்கள் தடுமாறுவார்கள். கதவை மூடியதும் உள்ளே இருக்கும் ‘ஙொய்ங்’ பெரிதாகிவிடும், கருவியின் ஒலியா தன் காதின் ஒலியா என்று புரியாமல் கண்டபடி அழுத்துவார்கள். இதை ஆடியாலஜிஸ்டிடம் முன்பே சொல்லிவிடுங்கள். விட்டுவிட்டு ஒலிக்கும் ஒலியையோ நடுங்கும் ஒலியையோ வைத்துச் சோதிப்பார். இரைச்சலிலிருந்து அதைப் பிரித்தறிவது சுலபம்.

உங்கள் ஆடியோகிராமில் நான் முதலில் தேடுவது 4000 ஹெர்ட்ஸ் அருகே ஒரு பள்ளம் இருக்கிறதா என்பதை. இயந்திரச் சத்தத்தில் வருடக்கணக்கில் நின்றவர்களுக்குக் கோடு அந்த இடத்தில் சரிந்து, 8000-இல் சற்று மேலேறும். பேச்சு நன்றாகக் கேட்பதால், காது பழுதுபட்டது அவர்களுக்கே தெரிந்திருக்காது.

ஆனால் வேலையிடத்துச் சத்தம் பொதுவாக இரண்டு காதையும் ஏறக்குறைய ஒரே அளவில் கெடுக்கும். உங்களுக்கு இடது காதில் மட்டும் இரைச்சல் என்கிறீர்கள். அதற்கு விளக்கம் தேட வேண்டியிருக்கிறது. உங்கள் ஸ்கேன் கேள்விக்குப் பதிலும் இதில்தான் இருக்கிறது.

ஸ்கேன் யாருக்கு?

இரண்டு காதிலும் ஒரே மாதிரி இரைச்சல், இரண்டு காதின் செவித்திறனும் சமம், வேறு நரம்புக் கோளாறு எதுவும் இல்லை என்றால் ஸ்கேன் வேண்டியதில்லை. ஒரு காதில் மட்டும் இரைச்சல், அல்லது இரு காதுகளின் செவித்திறனிலும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் என்றால், உட்செவிக் கால்வாய்ப் பகுதிக்கு எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்ப்பது முறை. இந்த வேலைக்கு சி.டி. ஸ்கேன் போதாது, சிறிய கட்டிகளை அது தவறவிடும்.

தேடுவது வெஸ்டிபுலர் ஷ்வானோமா என்ற கட்டியை. காதிலிருந்து மூளைக்குப் போகும் நரம்பின் உறையில் வளர்வது. புற்றுநோய் அல்ல. மிக மெதுவாக வளரும், சிலருக்கு ஆண்டுக்கணக்கில் வளராமலே கிடக்கும். சிறியதாக இருந்தால் அவ்வப்போது ஸ்கேன் எடுத்துக் கண்காணிப்பதோடு சரி. ஒரு பக்க இரைச்சலுக்காக எம்.ஆர்.ஐ. எடுப்பவர்களில் இந்தக் கட்டி இருப்பவர்கள் மிகச் சிலரே. எனவே பயத்தில் அல்ல, ஒரு சந்தேகத்தைத் தீர்த்துவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பதற்காக ஸ்கேன் எடுக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு விஷயத்தை வீட்டிலேயே பார்த்துவிட்டுப் போகலாம். அமைதியான அறையில் உட்கார்ந்து, மணிக்கட்டில் நாடியைப் பிடித்துக்கொண்டு இரைச்சலைக் கவனியுங்கள். நாடித் துடிப்போடு சேர்ந்து ‘உஸ்… உஸ்…’ என்று வந்தால் அது வேறு ரகம். இரத்த ஓட்டம் தொடர்பானது. சோகை, தைராய்டு மிகைப்பு, தலைக்குள் அழுத்தம் கூடுவது, இரத்தக்குழாய்க் கோளாறு என்று காரணம் பலவாக இருக்கலாம். மருத்துவர் ஸ்டெதாஸ்கோப்பைக் கழுத்திலும் காதுக்குப் பின்னாலும் வைத்துக் கேட்பார். சிலருக்கு அந்த ஒலி அவருக்கும் கேட்கும். இந்த ரகத்துக்கு இரத்தக்குழாய்களைக் காட்டும் ஸ்கேன் தேவைப்படும், பலருக்கு மூலகாரணத்தையே சரிசெய்யவும் முடியும். உங்களுக்குச் சில்வண்டு மாதிரி ஒரே சீராகக் கேட்பதால் அது இல்லை என்றே நினைக்கிறேன். இருந்தாலும் சோதித்துவிடுங்கள்.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்கும் சேர்த்து ஒன்று. இரைச்சலோடு ஒரு காது சட்டென்று, ஓரிரு நாளுக்குள், மந்தமாகிவிட்டால் அடுத்த வாரம் பார்க்கலாம் என்று இருக்காதீர்கள். சளி அடைப்பு என்று நினைத்துச் சொட்டு மருந்து விட்டுக்கொண்டு நாளைக் கடத்துகிறவர்கள் நிறைய. திடீர் நரம்புச் செவித்திறன் இழப்பாக இருந்தால் ஸ்டீராய்டு சிகிச்சை முதல் சில நாட்களில் தொடங்கினால்தான் காது திரும்பும் வாய்ப்பு அதிகம். இரண்டு வாரம் தாண்டினால் பலன் வெகுவாகக் குறைகிறது. முகம் ஒரு பக்கம் கோணுவது, கடுமையான தலைச்சுற்றல், தலையில் அடிபட்டபின் வந்த இரைச்சல் ஆகியவற்றுக்கும் உடனே போக வேண்டும். காது அடைத்த உணர்வு, கூடிக் குறையும் செவித்திறன், மணிக்கணக்கில் சுற்றும் தலை என மூன்றும் விட்டுவிட்டு வந்தால் மெனியர் என்ற உட்செவி நோயா என்று பார்ப்பார்கள். உங்களுக்குக் கொடுத்த தலைச்சுற்றல் மாத்திரை பீட்டாஹிஸ்டீன் என்றால், அதை எழுதுவது அந்த நோய்க்குத்தான். தலையே சுற்றாதவருக்கு, வெறும் காதிரைச்சலுக்கு, அதனால் பலன் கிடைப்பதாக ஆய்வுகள் காட்டவில்லை.

மருத்துவரிடம் என்ன சொல்வது?

அவருக்கு நேரம் குறைவு. ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். எந்தக் காது, எப்போது தொடங்கியது, தொடர்ந்தா விட்டுவிட்டா, கேட்பதில் குறை உண்டா (போனை இப்போதெல்லாம் எந்தக் காதில் வைக்கிறீர்கள் என்று யோசித்தால் தெரிந்துவிடும்), எத்தனை ஆண்டாக இயந்திரம் அருகே வேலை. பல்லைக் கடித்தாலோ கழுத்தைத் திருப்பினாலோ இரைச்சல் மாறுகிறதா என்பதையும் குறியுங்கள். மாறினால் தாடை மூட்டிலோ கழுத்துத் தசையிலோ பங்கு இருக்கிறது, பல் மருத்துவரும் பிசியோதெரபிஸ்டும் உதவக்கூடும்.

சாப்பிடும் மருந்துகளின் பட்டியல் கட்டாயம். ஜென்டாமைசின், அமிகாசின் போன்ற ஊசிகள், புற்றுநோய்க்கான சிஸ்பிளாட்டின், குயினைன், அதிக அளவு ஆஸ்பிரின், இரத்தக்குழாயில் ஏற்றும் ஃபுரோசமைடு ஆகியவை காதைப் பாதிக்கக்கூடியவை. இதயத்துக்காகத் தினம் ஒரு சிறிய ஆஸ்பிரின் சாப்பிடுகிறவர்கள் இதைப் படித்துவிட்டுத் தாங்களாக நிறுத்திவிடாதீர்கள். அந்தச் சிறிய அளவு பொதுவாகக் காதுக்கு இப்படிச் செய்வதில்லை. நிறுத்தினால் வரும் ஆபத்து பெரிது.

அவரும் ‘பழகிக்கொள்ளுங்கள்’ என்றால், “எப்படிப் பழகுவது, யார் சொல்லித் தருவார்?” என்று தயங்காமல் கேளுங்கள். அது நியாயமான கேள்வி. அந்த வேலைக்கென்றே பயிற்சி பெற்றவர்கள் இருக்கிறார்கள்.

இரைச்சல் வேறு, அவதி வேறு

உட்செவியில் நுண்ணிய மயிர் செல்கள் இருக்கின்றன. சத்தத்தாலோ வயதாலோ அவை கெட்டால் அந்தச் சுருதிகளில் மூளைக்குப் போகும் சமிக்ஞை குறைகிறது. வருவது போதாமல் மூளை தன் ‘வால்யூமை’ ஏற்றிவைக்கிறது. அப்போது நரம்புகளில் எப்போதும் இருக்கிற சலசலப்பே ஒலியாகக் கேட்கத் தொடங்குகிறது. இந்தச் சலசலப்பு ஆரோக்கியமான காதுக்கும் உண்டு. 1953-இல் ஹெல்லர், பெர்க்மன் என்ற இருவர் செவித்திறன் சரியாக இருந்த 80 பேரை ஒலிபுகா அறையில் உட்காரவைத்து என்ன கேட்கிறது என்று கேட்டார்கள். 94 சதவீதம் பேர் ரீங்காரம், இரைச்சல் என்று ஏதோ ஒன்றைச் சொன்னார்கள்.

ஆடியாலஜிஸ்ட் உங்கள் இரைச்சலின் அளவைக் கருவியோடு ஒப்பிட்டுப் பார்த்தால் ஆச்சரியப்படுவீர்கள். பெரும்பாலானவர்களுக்கு அது கேட்கத் தொடங்கும் எல்லைக்குச் சில டெசிபல் மேலேதான் இருக்கும். ஒரே அளவு இரைச்சலோடு ஒருவர் நிம்மதியாக வேலைக்குப் போய் வருவார், இன்னொருவர் தூக்கத்தைத் தொலைத்திருப்பார். வித்தியாசம், மூளை அந்த ஒலியை ஆபத்து என்று முத்திரை குத்தியிருக்கிறதா என்பதில் இருக்கிறது. ‘கட்டியோ’ என்ற பயம், ‘மருந்தே இல்லை’ என்ற பேச்சு, இரவில் அது இருக்கிறதா என்று காதைத் தீட்டிப் பார்ப்பது எல்லாமே அந்த முத்திரையை அழுத்திவிடுகின்றன. அதனால் இரைச்சல் எவ்வளவு என்பதைவிட அது உங்களை எவ்வளவு முடக்குகிறது என்பதை அளப்பதே பயன். அதற்கு 25 கேள்விகள் கொண்ட, 100 மதிப்பெண்ணுக்கான ஒரு படிவம் இருக்கிறது. இப்போது ஒருமுறையும் சில மாதம் கழித்து ஒருமுறையும் நிரப்பிப் பாருங்கள்.

சிகிச்சையில் நம்பத்தக்கவை இரண்டு. செவித்திறன் குறைந்திருந்தால் காது கேட்கும் கருவி. வெளி ஒலி போதிய அளவு உள்ளே போனால் மூளை ஏற்றிவைத்த வால்யூம் பலருக்குத் தணிகிறது. பேச்சைக் கேட்கச் சிரமப்படும் களைப்பும் குறைகிறது. இரண்டாவது, சி.பி.டி. எனப்படும் அறிவாற்றல் நடத்தை சிகிச்சை. உளவியல் நிபுணர் தருவது. ‘மனநோய் என்கிறீர்களா?’ என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. இல்லை. இரைச்சலால் வரும் அவதியைக் குறைப்பதில் இதற்கு இருக்கிற அளவு ஆய்வு ஆதாரம் வேறெதற்கும் இல்லை. ‘இது நிற்காதவரை என் வாழ்க்கை அவ்வளவுதான்’ என்ற நினைப்பை எடுத்துவைத்து, அது உண்மையா என்று படிப்படியாகச் சோதிக்கக் கற்றுக்கொடுப்பார்கள்.

ஜின்கோ என்ற மூலிகை, துத்தநாகம், தூக்கத்துக்கான மெலடோனின் ஆகியவற்றைக் காதிரைச்சலுக்காகப் பரிந்துரைக்க வேண்டாம் என்று அமெரிக்கக் காது மூக்கு தொண்டை மருத்துவர் அமைப்பின் 2014 வழிகாட்டுதல் சொல்கிறது. பி12 குறைபாடு இரத்தப் பரிசோதனையில் தெரிந்தால் அதற்கு மாத்திரை சாப்பிடலாம். குறைபாடில்லாமல் விழுங்குவதில் பயனில்லை. நாக்கில் மெல்லிய மின்தூண்டலும் காதில் ஒலியும் சேர்த்துத் தரும் ஒரு கருவிக்கு 2023-இல் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. அனுமதி கொடுத்திருக்கிறது. சிலருக்குக் குறைவதாகத் தெரிகிறது, முழுக் குணம் என்று யாரும் சொல்லவில்லை. ‘முப்பதே நாளில் நிரந்தரத் தீர்வு’ விளம்பரங்களை நான் ஒன்றுவிடாமல் சந்தேகிக்கிறேன்.

இன்று இரவுக்கு

அறையை நிசப்தமாக வைக்காதீர்கள். மழை, அலை, மின்விசிறி என உங்களுக்கு எரிச்சல் தராத ஏதாவது ஓர் ஒலி, தாழ்ந்த அளவில், தூங்கிய பிறகும் ஓடட்டும். இரைச்சலை அமுக்கிவிடும் அளவுக்குக் கூட்ட வேண்டாம். இரண்டும் சேர்ந்தே கேட்க வேண்டும். அப்போதுதான் மூளை மெல்ல அதைக் கண்டுகொள்ளாமல் விடும். இருபது நிமிடம் போல் ஆகியும் தூக்கம் வரவில்லையா, எழுந்து வேறு அறையில் எதையாவது செய்துவிட்டு, கண் சொக்கும்போது வாருங்கள். நள்ளிரவில் போனை எடுத்துக் காதிரைச்சல் பற்றித் தேடுவதை மட்டும் அறவே விடுங்கள்.

காலம் முழுக்க இப்படியேதானா என்று கேட்டிருந்தீர்கள். ஒலி முற்றிலும் நின்றுவிடும் என்று நான் வாக்குக் கொடுக்க முடியாது. ஆனால் அதன் தொந்தரவு மாதங்கள் போகப்போகக் குறைவதுதான் பெரும்பாலானோர் அனுபவம், முறையான உதவி கிடைத்தால் இன்னும் சீக்கிரம். நேர்மாறாக, தாங்க முடியாமல் உயிரை விட்டுவிடலாமா என்ற எண்ணம் எட்டிப்பார்த்தால், அன்றைக்கே வீட்டில் ஒருவரிடமும் மருத்துவரிடமும் சொல்லிவிடுங்கள். அவசர சிகிச்சைப் பிரிவுக்கே போனாலும் தப்பில்லை. மனச்சோர்வுக்கு நல்ல சிகிச்சை இருக்கிறது, அது தணிந்தால் இரைச்சலின் பாரமும் தணியும்.

கடைசியாக உங்கள் அச்சகம். 85 டெசிபலில் எட்டு மணி நேரம் என்பது வேலையிடங்களுக்குப் பரவலாக வைத்திருக்கும் வரம்பு. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் பாதுகாப்பான நேரம் பாதியாகும்: 88 என்றால் நான்கு மணி நேரம், 91 என்றால் இரண்டே மணி நேரம். கைநீட்டும் தூரத்தில் நிற்பவரிடம் கத்திப் பேச வேண்டியிருந்தால் வரம்பைத் தாண்டிவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம். இயந்திரம் ஓடும்போது காதடைப்பான் போடுங்கள். பஞ்சு அதற்கு ஈடாகாது. வீட்டுக்கு வந்ததும் கழற்றிவிடுங்கள். சாதாரண சத்தத்துக்கெல்லாம் காதை மூடிப் பழகினால் இரைச்சல் இன்னும் எடுப்பாகத் தெரியும், சின்ன ஒலிகூடக் கூசத் தொடங்கும். இப்போது எடுக்கப்போகும் ஆடியோகிராமைப் பத்திரமாக வைத்துக்கொண்டு, ஆண்டுக்கொரு முறை புதிதாக எடுத்து அதோடு ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.