மலிவு மணிகளை எப்படித் தரம் பார்ப்பது?

கிளிநொச்சிச் சந்தையில் பக்கெற்றில் விற்கிற மலிவு மணிகளை நம்பிச் சாறிச் சட்டையில் தைக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தைக்கலாம். ஆனால் முதலில் ஒரு சின்னப் பக்கெற் மட்டும் வாங்குங்கோ.

நான் முதல் பார்ப்பது துளையைத்தான். மலிவான கண்ணாடி மணிகளில் சிலவற்றின் துளை விளிம்பு உடைந்த போத்தல் வாய்போலக் கூராக இருக்கும். ஒன்றை நூலில் கோத்து இருபது தரம் முன்னும் பின்னும் இழுத்துப் பாருங்கோ. நூல் பஞ்சாகப் பிரிந்தால் அந்த மணி சட்டைக்கு ஆகாது. இதைப் பார்க்காமல் ஒரு கலியாணச் சட்டை தைத்தேன். பொம்பிளை மணவறையில் ஏற முதலே கைப்பக்கத்து மணியெல்லாம் கொட்டுண்டுபோச்சு.

அடுத்தது சாயம். வெள்ளைத் துணியில் நாலைந்தைத் தைத்து, சவர்க்காரத் தண்ணியில் ஓர் இரவு ஊறவிடுங்கோ. பிறகு ஒரு கிழமை வெயிலில் போடுங்கோ. வன்னி வெயிலுக்குத் தாங்கினால் எங்கும் தாங்கும். துளைக்குள்ளே வெள்ளி பூசிய மணி வியர்வை பட்டால் கறுக்கலாம், கழுத்தோரம் வேண்டாம்.

மணியின் அளவை 8/0, 11/0 என்று எண்ணால் குறிப்பார்கள். முன்னெண் கூடக் கூட மணி சிறுக்கும்: 8/0 ஏறக்குறைய 3 மில்லிமீற்றர், 11/0 ஏறக்குறைய 2. மலிவுப் பக்கெற்றில் கலந்துதான் வரும். பூ வேலைக்கு அது பரவாயில்லை, நேர்கோட்டு வேலைக்குத்தான் பல்லிளிக்கும்.

கண்ணாடியா பிளாஸ்ரிக்கா என்று சந்தேகமென்றால் கன்னத்தில் வையுங்கோ, கண்ணாடி சில்லென்றிருக்கும். பிளாஸ்ரிக் என்றால் மேலே சூடான அயன்பெட்டி வைக்காதேங்கோ.