கவலையும் ஸ்தோத்திரமும்: கேள்வி பதில்

திருநெல்வேலிப் பகுதியின் கிராமச் சபைகளில் 31 ஆண்டுகள் ஆயராக இருந்து ஓய்வுபெற்றவன் நான். கவலையைக் குறித்தும், ஸ்தோத்திரம் என்னும் நன்றியறிதலைக் குறித்தும் வந்த கேள்விகளுக்கு, எனக்குத் தெரிந்த அளவில் இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

ஐயா, "நீங்கள் ஒன்றுக்குங்கவலைப்படாமல்" என்று பவுல் எழுதியிருக்கிறாரே, வேலை இழந்த என் மகனை நினைத்து நான் இரவெல்லாம் கவலைப்படுவது பாவமா? (சென்னையிலிருந்து ஒரு தாய்)

அம்மா, அதை எழுதிய பவுலே வேறொரு நிருபத்தில், "எல்லாச் சபைகளைக்குறித்தும் உண்டாயிருக்கிற கவலை" தன்னை நாள்தோறும் நெருக்குகிறது என்கிறார். இரண்டு இடங்களிலும் கிரேக்கத்தில் ஒரே வேரிலிருந்து வரும் சொல்தான் இருக்கிறது. நீங்கள் சொன்ன வசனம் இருக்கும் பிலிப்பியர் நிருபத்திலேயே, தன் உடன் ஊழியனான தீமோத்தேயு சபையாரை உண்மையாய் விசாரிப்பவன் என்று பாராட்டும்போதும் அதே சொல்லைத்தான் பயன்படுத்துகிறார். ஆகவே மகன்மேல் உங்களுக்கு இருக்கும் அக்கறையைப் பாவம் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

அந்த வசனத்தின் முன்பாதியை மட்டும் நாட்காட்டியில் அச்சிட்டுச் சுவரில் மாட்டுவதால் வந்த குழப்பம் இது. முழுவாக்கியம், எல்லாவற்றையுங்குறித்து உங்கள் விண்ணப்பங்களை "ஸ்தோத்திரத்தோடே கூடிய ஜெபத்தினாலும் வேண்டுதலினாலும் தேவனுக்குத் தெரியப்படுத்துங்கள்" என்று முடிகிறது. கவலையை விழுங்கிவிடும்படி அவர் சொல்லவில்லை. அதைச் சொல்லவேண்டிய இடத்தில் சொல்லும்படி கூறுகிறார். அடுத்த வசனத்தில் தேவசமாதானம் உங்கள் இருதயத்தைக் "காத்துக்கொள்ளும்" என்று வருகிற சொல், கோட்டைக்குக் காவல்படை நிறுத்துவதைக் குறிக்கும் படைத்துறைச் சொல். ஓய்வுபெற்ற ரோமப் படைவீரர்கள் குடியேற்றப்பட்ட ஊராகிய பிலிப்பியில் அது யாருக்கும் விளக்கம் தேவைப்படாத சொல்லாக இருந்திருக்கும். காவல் நிற்பது ஆபத்து நீங்காத இடத்தில்தான் என்பதையும் கவனியுங்கள். எழுதியவரும் அப்போது விலங்கோடுதான் இருந்தார்.

பிள்ளை வேண்டி அழுத அன்னாளின் கதையையும் ஒருமுறை நிதானமாக வாசித்துப் பாருங்கள். ஆலயத்தில் அழுது தீர்த்த பிறகு அவள் எழுந்துபோய்ப் போஜனஞ்செய்தாள், "அப்புறம் அவள் துக்கமுகமாயிருக்கவில்லை" என்று சாமுவேலின் புத்தகம் சொல்கிறது. அந்த நேரத்தில், அவள் கேட்ட பிள்ளையாகிய சாமுவேல் இன்னும் கருவில்கூட உருவாகவில்லை.

கவலைகளை அவர்மேல் வைத்துவிடுங்கள் என்கிறார்கள். நானும் இரவில் வைத்துவிடுகிறேன். விடிந்தால் கடன் நினைவு திரும்பவும் என் தலையில் ஏறிக்கொள்கிறது. என் விசுவாசத்தில்தான் குறையா? (மளிகைக் கடை நடத்தும் ஒரு சகோதரர்)

"அவர் உங்களை விசாரிக்கிறவரானபடியால்" என்று அந்த வசனத்திலேயே பேதுரு சொல்லும் காரணத்தை முதலில் பார்ப்போம். தமிழில் விசாரம் என்றால் கவலை, விசாரிப்பது என்றால் நலம் கேட்டுப் பராமரிப்பது. மொழிபெயர்த்தவர்கள் நினைத்துச் செய்தார்களோ இல்லையோ, நம்முடைய விசாரத்தை விசாரிக்கிறவரிடம் ஒப்படைக்கலாம் என்ற பொருள் நம் மொழியில் தானாகவே அமைந்துவிட்டது. "வைத்துவிடுங்கள்" என்னும் இடத்தில் கிரேக்கத்தில் உள்ள வினைச்சொல், எருசலேமுக்குள் இயேசு நுழைந்த நாளில் சீஷர்கள் தங்கள் வஸ்திரங்களைக் கழுதைக்குட்டியின்மேல் போட்டார்களே, அங்கே லூக்கா பயன்படுத்திய அதே சொல். நம் மேலிருப்பதைக் கழற்றி இன்னொன்றின்மேல் போடும் செயல் அது.

இனி, விடிந்ததும் திரும்பி வருவதைப் பற்றி. நம் பழைய சாலையோரங்களில் சுமைதாங்கிக் கல் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். துணைக்கு ஆள் இல்லாத வழிப்போக்கன் தலைச்சுமையைத் தானே இறக்கவும், இளைப்பாறியபின் தானே மறுபடியும் ஏற்றிக்கொள்ளவும் வசதியாக, ஏறக்குறைய ஆள் உயரத்துக்கு அதை அமைத்திருப்பார்கள். சுமையை மறுபடியும் தூக்கிக்கொண்டு போனான் என்பதற்காகக் கல்லைக் குறை சொன்னவரும் இல்லை, வழிப்போக்கனைக் குறை சொன்னவரும் இல்லை. அடுத்த கல் வந்தால் மறுபடியும் இறக்கினான், அவ்வளவுதான். 55ஆம் சங்கீதமும், "கர்த்தர்மேல் உன் பாரத்தை வைத்துவிடு, அவர் உன்னை ஆதரிப்பார்" என்றுதான் சொல்கிறது. ஆதரிப்பது உங்களை, பாரம் மறைந்துபோகும் என்ற பேச்சு அதில் இல்லை. வனாந்தரத்தில் இஸ்ரவேலருக்கு உணவாக வந்த மன்னாவும் அன்றன்றைக்குத்தான் கிடைத்தது, மறுநாளுக்கென்று எடுத்து வைத்தது புழுத்து நாறியது. எனவே தினமும் இறக்கி வையுங்கள்.

ஒன்றை மட்டும் கண்டிப்போடு சொல்கிறேன். வங்கியிலிருந்து வந்த கடிதத்தைப் பிரிக்காமல் வேதாகமத்துக்கு அடியில் வைப்பதற்கு விசுவாசம் என்று பெயர் இல்லை. பிரித்து வாசித்து, எவ்வளவு, எந்தத் தேதிக்குள் என்று ஒரு தாளில் எழுதி, அந்தத் தாளை முன்னால் வைத்துக்கொண்டு ஜெபம்பண்ணுங்கள். காலையில் நேரில் போய்த் தவணையைப் பற்றிப் பேசுங்கள்.

என் கணவர் விபத்தில் இறந்து எட்டு மாதம் ஆகிறது. "எல்லாவற்றிற்கும் ஸ்தோத்திரம் சொல்" என்று உறவினர்கள் வற்புறுத்துகிறார்கள். என்னால் முடியவில்லை. (நாகர்கோவிலிலிருந்து ஒரு சகோதரி)

சகோதரி, உங்களுக்குப் பதில் எழுதுவதற்கு முன் என் தவறு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஊழியத்துக்கு வந்த புதிதில், பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு வீட்டில் நானும் அந்த வசனத்தை எடுத்து வாசித்தேன். பிள்ளையின் சட்டையை மடியில் வைத்து மடித்துக்கொண்டிருந்த தாய் நிமிர்ந்து என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு மடித்த சட்டையைப் பிரித்து மறுபடியும் மடிக்கத் தொடங்கினார். அதன்பிறகு இழவு வீட்டில் நான் அந்த வசனத்தை எடுத்ததில்லை.

தெசலோனிக்கேயருக்குப் பவுல் எழுதியது "எல்லாவற்றிலேயும் ஸ்தோத்திரஞ்செய்யுங்கள்" என்பதே. எந்த நிலைமைக்குள் இருந்தாலும் என்பது அதன் பொருள். நடந்ததற்காக என்பது அல்ல. எபேசியரில் "எல்லாவற்றிற்காகவும்" என்றே இருக்கிறதே என்று யாராவது எடுத்துக்காட்டலாம். அது சபையார் கூடிப் பாடும் ஆராதனையைப் பற்றிய பகுதி. அதைப் பிடித்துக்கொண்டு மரணத்துக்கும் நன்றி சொல்லச் சொல்பவர்கள், மரணத்தைக் "கடைசிச் சத்துரு" என்று எழுதியவரும் அதே பவுல்தான் என்பதை மறந்துவிடுகிறார்கள்.

யோவான் 11ஆம் அதிகாரத்தில், இறந்துபோன தம் நண்பன் லாசருவின் கல்லறைக்குப் போகும் வழியில் இயேசு முதலில் கண்ணீர் விட்டார். "உம்மை ஸ்தோத்திரிக்கிறேன்" என்று பிதாவிடம் சொன்னது அதற்குப் பிறகு. அந்தக் கண்ணீரை அவர் முந்திக்கொண்டு துடைக்கவில்லை. நீங்கள் இப்போது கண்ணீரின் வசனத்தில் இருக்கிறீர்கள், அதுவும் வேதவசனம்தான். 88ஆம் சங்கீதம் இருளிலேயே தொடங்கி இருளிலேயே முடிகிறது. அதையும் யாரோ தேவனிடம்தான் பாடினார்கள். உங்களால் நன்றி சொல்ல முடியாத காலத்தில் உங்கள் சபை உங்களுக்காக அதைச் சொல்லட்டும். நீங்கள் அங்கே சும்மா உட்கார்ந்திருந்தால் போதும்.

பதற்றத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். "விசுவாசம் இருந்தால் நிறுத்து" என்று ஒரு ஜெபக்குழுவில் சொன்னார்கள். நிறுத்தலாமா?

நிறுத்தக்கூடாது. மருத்துவரைக் கேட்காமல் திடீரென்று நிறுத்துவது உடலுக்கே ஆபத்தாக முடியலாம். சூரைச்செடியின்கீழ்ச் சாகவேண்டுமென்று படுத்த எலியா தீர்க்கதரிசிக்குத் தேவதூதன் முதலில் கொடுத்தது பிரசங்கமல்ல. தழலில் சுட்ட அடையும் தண்ணீரும். இரண்டு முறை உண்டு, உறங்கி எழுந்தபிறகே அவன் ஓரேப் மலைக்கு நடந்தான். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்குப் பாகாயத்தில் மனநல மையம் இருப்பதை உங்கள் ஜெபக்குழுவுக்குச் சொல்லுங்கள். இரவில் தாங்க முடியாமல் போனால் 14416 என்ற அரசின் இலவச மனநல உதவி எண்ணை அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம்.

நாங்கள் கத்தோலிக்கர்கள். நாங்கள் "நன்றி" என்பதை நீங்கள் "ஸ்தோத்திரம்" என்கிறீர்கள். இரண்டும் ஒன்றா?

பவுலின் சொல் ஒன்றுதான். பழைய மொழிபெயர்ப்பில் அது ஸ்தோத்திரம் ஆயிற்று, 1995இல் வந்த திருவிவிலியத்தில் நன்றி ஆயிற்று. துதி என்ற சாயல் முன்னதில் அதிகம். பார்த்த இடத்தில் எல்லாம் "தோத்திரம் ஐயா" என்று சொல்லிச் சொல்லி எங்கள் ஊரில் அது வெறும் வணக்கமாகத் தேய்ந்துவிட்டதால், உங்கள் சொல்தான் இன்று தெளிவானது என்பது என் எண்ணம். நற்கருணைக்குக் கிரேக்கத்தில் வழங்கும் பெயருக்கும் நன்றி செலுத்துதல் என்றே பொருள். காட்டிக்கொடுக்கப்பட்ட அந்த இராத்திரியிலேதான் இயேசு அப்பத்தை எடுத்து நன்றி சொல்லிப் பிட்டார்.

ஸ்தோத்திரக் காணிக்கை முன்கூட்டியே கொடுத்தால் பிரச்சினை தீரும் என்று ஓர் ஊழியர் சொல்கிறார். உண்மையா?

இல்லை. முன்பணம் கட்டிக் காரியத்தை முடிப்பது வியாபாரம். லேவியராகமத்தில் ஸ்தோத்திர பலியின் மாம்சத்தை அன்றைக்கே புசித்துவிடவேண்டும், விடியுமட்டும் மீதி வைக்கலாகாது என்று ஒரு கட்டளை இருக்கிறது. ஒரு முழு ஆட்டை ஒரு குடும்பம் ஒரே நாளில் தின்று தீர்க்க முடியுமா? அயலாரைக் கூப்பிடாமல் நன்றி செலுத்தவே முடியாதபடி அந்தச் சட்டம் செய்துவிடுகிறது. எங்கள் பக்கத்துச் சபைகளில் பண்டிகை நாளில் ஊரே ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடும் அசனத்தில் அந்த வாசனையை நான் உணர்ந்திருக்கிறேன்.

என் தாயார் உலை வைக்கும்போதெல்லாம், அளந்த அரிசியிலிருந்து ஒரு கைப்பிடி எடுத்து அடுப்படி மூலையில் இருந்த மண்கலயத்தில் போடுவார்கள்; ஞாயிற்றுக்கிழமை அது கோயிலுக்குப் போகும். மாதக் கடைசியில் அந்தக் கைப்பிடி சற்றுச் சிறியதாகும், ஆனால் நின்றதில்லை. அதற்காக எங்கள் வீட்டில் அரிசி பெருகியதாகவும் எனக்கு நினைவில்லை.

ஐயா, நான் பிளஸ் டூ படிக்கிறேன். தேர்வு பயத்தில் ஜெபிக்க உட்கார்ந்தால் நன்றி சொல்ல ஒன்றுமே தோன்றவில்லை.

தம்பி, பெரிதாக எதையும் தேட வேண்டாம். இன்று புரிந்த ஒரு கணக்கையோ பாடத்தையோ பெயர் சொல்லி நன்றி சொல், புரியாத ஒன்றைப் பெயர் சொல்லிக் கேள், பிறகு விளக்கை அணைத்துவிட்டுப் படு. "அவரே தமக்குப் பிரியமானவனுக்கு நித்திரை அளிக்கிறார்" என்று 127ஆம் சங்கீதத்தில் இருக்கிறது. அதே வசனத்தில் அதிகாலையில் எழுவது விருதா என்றும் இருக்கிறதே என்று உன் அம்மாவிடம் வாதாடாதே. அது கவலையோடு எழுகிறவனுக்குச் சொன்னது, உன் அலாரத்துக்குச் சொன்னதல்ல.