தெரபிஸ்ட் மேலேயே கோபம் வந்துவிட்டது, டாக்டரை மாற்றலாமா?

கேள்வி: தண்டையார்பேட்டையில் இருந்து எழுதுகிறேன், பெயர் வேண்டாம். என் தங்கச்சிக்கு 24 வயசு. சின்ன வயசில் சொந்தக்காரர் ஒருவரால் பாலியல் தொல்லைக்கு ஆளானவள். எங்களுக்கே அது போன வருஷம்தான் தெரியும். கோபம் வந்தால் பிளேடால் கையைக் கீறிக்கொள்வாள். 'பார்டர்லைன் பர்சனாலிட்டி டிஸ்ஆர்டர்' (உணர்ச்சியும் உறவும் சட்டென்று தலைகீழாக மாறுகிற மனநலக் கோளாறு) என்று சொல்லி வாரம் இரண்டு நாள் பேச்சு சிகிச்சைக்கு அனுப்பினார்கள். ஆறு மாசமாகப் போகிறாள். முதலில் அந்த மேடம்தான் தெய்வம் என்றாள். அவர் இரண்டு வாரம் லீவில் போனதும் வாட்ஸ்அப்பில் கண்டபடி திட்டிவிட்டு, இனிமேல் போகமாட்டேன் என்கிறாள். 'பேசறதுக்கு எதுக்கு காசு, என்கிட்ட பேசட்டும்' என்கிறார் அம்மா. பழசைக் கிளறுவதால்தான் இப்படி ஆகிறதா? வேறு டாக்டரிடம் மாற்றிவிடலாமா?

பதில்: மாற்றாதீர்கள். சிகிச்சை கெட்டுப்போனதால் வந்த கோபம் இல்லை இது. சிகிச்சை இப்போதுதான் சரியான இடத்துக்கு வந்திருக்கிறது, இந்த நேரத்தில் கையை விட்டால் ஆறு மாச உழைப்பும் வீண்.

நம்பின பெரியவரே கெடுதல் செய்தார், கவனித்திருக்க வேண்டியவர்கள் கவனிக்கவில்லை என்றால் அந்தக் குழந்தையின் மனசில் ஒரு விஷயம் ஊறிவிடும்: யாரை நம்பினாலும் ஒன்று விட்டுப் போவார்கள், இல்லை காயப்படுத்துவார்கள். இது வாயால் சொல்லக்கூடிய ஞாபகமாக இருக்காது, பழகுகிற விதத்தில்தான் வெளியே வரும். தோழி ஒருத்தி போன் எடுக்கவில்லை, ஆபீஸில் மேனேஜர் முகம் சுளித்தார், அவ்வளவுதான், நேற்றுவரை உயிராக இருந்தவர் இன்றைக்கு எதிரி. இதே நாடகம் தெரபிஸ்டிடமும் நடக்கும் என்பதைக் கவனித்து அதற்கு டிரான்ஸ்ஃபரன்ஸ் என்று பெயர் வைத்தவர் பேச்சு சிகிச்சைக்கு அடிப்படை போட்ட ஃப்ராய்ட், நூறு வருஷத்துக்கும் மேலாகிறது. வெளியே நடந்தால் திட்டு வாங்கியவர் ஒதுங்கிப் போய்விடுவார், 'பார்த்தியா, நான் சொன்னேன்ல' என்று அந்தப் பழைய பயம் இன்னும் கெட்டியாகும். சிகிச்சை அறையில் மட்டும்தான் திட்டு வாங்கியவர் ஓடிப்போகாமல், திருப்பியும் அடிக்காமல், அடுத்த செவ்வாய்க்கிழமை அதே நேரத்துக்கு அதே நாற்காலியில் உட்கார்ந்திருப்பார்.

உள்ளே என்னதான் நடக்கிறது என்று அம்மாவுக்குப் புரிய ஒரு உதாரணம் சொல்கிறேன். பேசிக்கொண்டிருக்கும்போது தெரபிஸ்ட் ஒரு நொடி கடிகாரத்தைப் பார்க்கிறார். 'நான் எப்ப கிளம்புவேன்னு பார்க்கறீங்க, இல்ல?' என்று அவள் சட்டென்று எழுந்துவிடுகிறாள். நாமாக இருந்தால் 'அய்யோ, அப்படி இல்லம்மா' என்று சமாதானம் செய்வோம். தெரபிஸ்ட் அப்படிச் செய்யமாட்டார். 'நான் கடிகாரத்தைப் பார்த்தது உண்மைதான், அந்த நேரத்துல என் மனசுல என்ன ஓடினதா உங்களுக்குத் தோணுச்சு?' என்று கேட்பார். அடுத்தவர் மனசில் வேறு காரணமும் இருக்கலாம் என்று யோசிக்கிற திறன், கோபமும் பயமும் ஏறும்போது இவர்களுக்கு மொத்தமாக அணைந்துவிடும், அதை அந்தச் சூட்டோடேயே திரும்ப ஏற்றுகிற வேலை இது. மென்டலைசேஷன் என்பார்கள், லண்டனில் பேட்மன், ஃபோனகி என்ற இரண்டு மனநல நிபுணர்கள் உருவாக்கியது. அமெரிக்காவில் மனநல மருத்துவர் ஓட்டோ கெர்ன்பெர்க்கின் முறை கொஞ்சம் வேறு. போன மாசம் தெய்வமாக இருந்தவரும் இந்த மாசம் பேயாகத் தெரிகிறவரும் ஒரே மனுஷிதான் என்று இரண்டு பாதியையும் சேர்த்துப் பார்க்க வைப்பார்கள். வழி எதுவானாலும், அவள் வாட்ஸ்அப்பில் கொட்டிய கோபம்தான் அங்கே எடுத்துப் பேசவேண்டிய சரக்கு.

பலன் உண்டா என்றால், உண்டு. பேட்மன், ஃபோனகி குழு பகல்நேர மருத்துவமனையில் இப்படிச் சிகிச்சை பெற்றவர்களை அது முடிந்து 5 வருஷம் கழித்தும் பார்த்தார்கள். இடைப்பட்ட காலத்தில் தற்கொலைக்கு முயன்றவர்கள் 23 சதவீதம், வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் 74 சதவீதம். மொத்தமே 41 பேர்தான், அதையும் சேர்த்துத்தான் சொல்லவேண்டும், இருந்தாலும் சின்ன வித்தியாசம் இல்லை இது. இந்த நோயையே தீர்க்கிற மாத்திரை கிடையாது. தூக்கமின்மை, மனச்சோர்வு இருந்தால் அதற்கு மாத்திரை உதவும், டாக்டர் கொடுத்திருந்தால் தானாக நிறுத்தவேண்டாம்.

பழசைக் கிளறுவது பற்றிக் கேட்டது நியாயமான கேள்வி. நல்ல தெரபிஸ்ட் எடுத்த எடுப்பில் 'அன்னிக்கு என்ன நடந்தது சொல்லு' என்று கேட்கமாட்டார், முதலில் பாதுகாப்பு, அப்புறம்தான் மற்றதெல்லாம், அதுவும் அவள் தாங்குகிற வேகத்தில். முதல் வாரங்களிலிருந்தே சம்பவத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லவைத்து ஒவ்வொரு முறையும் அவள் நடுங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தால் அது தப்பு. வெளியில் தனியாகச் சந்திக்கக் கூப்பிடுவது, கடன் கேட்பது, தொடுவது, இதில் எது நடந்தாலும் உடனே மாற்றுங்கள். முன்கூட்டியே சொல்லிவிட்டு லீவு போவது இந்தப் பட்டியலில் வராது.

அம்மாவிடம் பக்குவமாகச் சொல்லுங்கள், மகளோடு அவர் பேசத்தான் வேண்டும், ஆனால் அது வேறு பேச்சு. அம்மா முன்னால் அவள் பேச ஆரம்பித்தால் அம்மா அழுவார், அப்புறம் மகள் அம்மாவைத் தேற்றிக்கொண்டிருப்பாள். அம்மாவால் செய்யமுடிகிற பெரிய காரியம் ஒன்று இருக்கிறது: அந்தச் சொந்தக்காரர் கல்யாணம், காதுகுத்து என்று எந்தக் காரணத்துக்கும் இனி உங்கள் வாசல்படி ஏறக்கூடாது. போலீஸுக்குப் போவதா வேண்டாமா என்பதை உங்கள் தங்கச்சி முடிவு செய்யட்டும்.

இன்னொன்று, அவள் திரும்பி வந்ததும் 'உள்ள என்ன பேசுன?' என்று கேட்காதீர்கள். போனில் தெரபி என்றால் ஹவுசிங் போர்டு மாதிரி ஒற்றை அறை வீடுகளில் நாலு காது கேட்கும், நேரில் போவதே நல்லது. செலவு கட்டுப்படியாகவில்லை என்றால் நிறுத்துவதைவிட வாரம் ஒரு நாளாகக் குறைக்க முடியுமா என்று தெரபிஸ்டிடம் கேளுங்கள். ஸ்டான்லி அரசு மருத்துவமனையிலும் மனநலப் பிரிவு இருக்கிறது, ஆனால் ஓபி கூட்டத்தில் முக்கால் மணி நேரம் உட்கார்ந்து பேசக் கிடைப்பது சிரமம். கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனைக்குப் போகச் சொன்னால் நம் ஏரியாவில் அந்தப் பெயரையே வசவாக வைத்திருப்பதால் பலர் மிரளுகிறார்கள், அந்தப் பேச்சைக் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

இந்த வாரம் செய்யவேண்டியது: ஒரே ஒரு தடவை போய், வாட்ஸ்அப்பில் எழுதியதை நேரில் அந்த மேடத்தின் முகத்தைப் பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள், திட்டுவதற்காகவே போகட்டும். அவள் வராமல் போகலாம் என்று நீங்களும் மேடத்துக்குத் தெரிவித்துவிடுங்கள். அவள் பேசியதை அவர் உங்களிடம் சொல்லமாட்டார், ஆனால் நீங்கள் சொல்வதைக் கேட்டுக்கொள்வார். கீறிக்கொண்டால் கத்தாமல், கையைக் கழுவி சுத்தமான துணியால் அழுத்திப் பிடியுங்கள், ஆழமாக இருந்தால் உடனே எமர்ஜென்சி. சாகப்போகிறேன் என்றால் சும்மா மிரட்டுகிறாள் என்று விடாதீர்கள், தனியாக விடாமல், மாத்திரை, எலி பேஸ்ட், பிளேடு எல்லாவற்றையும் வீட்டைவிட்டே அப்புறப்படுத்திவிட்டு 14416-க்கு (அரசின் 'டெலி மானஸ்' மனநல உதவி எண்) போன் செய்யுங்கள். 24 மணி நேரமும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது.