9 கிரீனுக்கு என்ன ரோலர் வாங்கலாம்?

கேள்வி: ஓசூர் பக்கத்தில் 9 குழி கோல்ஃப் மைதானம் ஒன்றில் புல்தரைப் பராமரிப்பைக் கவனிக்கிறேன். கிரீன்களில், அதாவது குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்தரைகளில், இருப்பது டிஃப்ட்வார்ஃப் என்ற குட்டை ரகப் பெர்முடா புல். உள்ளூர்ச் செம்மண்ணோடு மணல் கலந்து அமைத்த பழைய படுகை. பந்து உருளும் தூரத்தை வைத்துக் கிரீனின் வேகத்தை அளக்கும் ஸ்டிம்ப்மீட்டரில் 7 அடியைத் தாண்டுவதில்லை. பந்து மெதுவாகப் போகிறது, வழியில் துள்ளுகிறது என்று ஆடுபவர்கள் குறைப்படுகிறார்கள். எங்கள் முன்னால் மூன்று வழிகள் இருக்கின்றன: அருகில் ஒரு மைதானத்தில் சும்மா நிற்கும் 500 கிலோ கிரிக்கெட் பிட்ச் ரோலரை வாங்குவது, சிப்காட் பக்கம் லேத் பட்டறையில் ஒன்று செய்துகொள்வது, ஏற்கெனவே பயன்படுத்திய, ஆள் உட்கார்ந்து ஓட்டும் கிரீன் ரோலர் ஒன்றை வாங்குவது. எதைச் செய்யலாம்?

பதில்: பிட்ச் ரோலர் வேண்டவே வேண்டாம். பயன்படுத்திய ஓட்டும் ரோலர்தான் சரியான வழி, கீழே சொல்லும் சோதனைகளில் அது தேறினால். பட்டறையில் செய்யும் கை ரோலர் இரண்டு மூன்று கிரீன்களுக்குத் தாங்கும், ஒன்பதுக்கும் தாங்காது.

பிட்ச் ரோலரை ஏன் இவ்வளவு உறுதியாக மறுக்கிறோம்? கேழ்வரகு அடிக்கும் களத்தில் மாடு கட்டி இழுக்கும் கல் உருளையை உங்கள் பகுதியில் பார்த்திருப்பீர்கள். களம் கல் போல இறுகியிருக்க வேண்டும், அங்கே எதுவும் வளரப் போவதில்லை. கிரிக்கெட் பிட்ச்சும் கிட்டத்தட்ட அந்த ஜாதிதான்: களிமண்ணை அழுத்தி இறுக்கினால்தான் பந்து எழும்பும். கிரீன் அப்படியல்ல. அதன் அடியில் வேர் மூச்சுவிட வேண்டும், தண்ணீர் இறங்க வேண்டும். கிரீன் ரோலருக்கு இருக்கும் ஒரே வேலை, புல்லின் மேற்பரப்பில் உள்ள பொசபொசப்பைச் சமமாகப் படிய வைப்பது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 500 கிலோ ரோலர், ஒரே டிரம், அகலம் 90 செ.மீ. என்றால் ஒரு செ.மீ. அகலத்துக்குச் சுமார் 5.6 கிலோ இறங்குகிறது. ஓட்டும் கிரீன் ரோலர் ஒன்று 300 கிலோ, ஓட்டுநர் 75 கிலோ என்று வைத்துக்கொள்வோம். ஒரு பக்கம் 120 செ.மீ. இயக்க டிரம், மறுபக்கம் அதே அகலத்தைப் பங்கிட்டுக்கொள்ளும் இரண்டு சிறிய டிரம்கள். ஆக 375 கிலோ 240 செ.மீ. மீது பரவி, செ.மீ.க்கு 1.6 கிலோ ஆகிறது. பிட்ச் ரோலர் இதைப்போல மூன்றரை மடங்கு. அடியில் சரளையும் மேலே மணலும் இட்ட கிரீனாவது கொஞ்சம் பொறுக்கும். மணலோடு செம்மண் கலந்த உங்கள் படுகை பொறுக்காது. ஈரத்தோடு ஒரு பருவம் உருட்டினால் மேல் 5 செ.மீ. செங்கல் மாதிரி ஆகிவிடும். பிறகு வேர் மேலேயே நிற்கும், வெயிலில் புல் சுருளும், பாசி ஏறும். ரோலர் விலையை விட அதைச் சரிசெய்ய ஆகும் செலவு அதிகம்.

விலைக் கணக்கில் எந்த ரோலரையும் ஒப்பிடும்போது மொத்த எடையைக் கேட்டு நிறுத்திவிடாதீர்கள். எத்தனை டிரம், ஒவ்வொன்றும் எவ்வளவு அகலம் என்று கேட்டு இந்த வகுத்தலைச் செய்யுங்கள். விட்டத்தையும் பாருங்கள்: எடை ஒன்றாக இருந்தாலும் சின்ன விட்டம் உள்ள டிரம் ஆழமாகப் பதியும், முன்னால் புல்லைத் தள்ளிக்கொண்டு போகும்.

வாங்குவதற்கு முன் ஒரு கேள்விக்குப் பதில் தெரிய வேண்டும்: 7 அடி என்பது ரோலர் இல்லாத குறையா, வேறு குறையா?

முதலில் அளவையே சரியாக எடுக்கிறீர்களா என்று பாருங்கள். ஸ்டிம்ப்மீட்டர் என்பது 36 அங்குல அலுமினியப் பட்டை, நடுவே 'வி' வடிவப் பள்ளம். கீழ் முனையிலிருந்து 30 அங்குலத்தில் பந்து உட்காரும் குழிவு. மெதுவாகத் தூக்கினால் சுமார் 20 டிகிரியில் பந்து தானே உருளும். கை தள்ளக் கூடாது. சமதளமான இடத்தில் ஒரு திசையில் மூன்று பந்து, அது நின்ற இடத்திலிருந்து எதிர்த்திசையில் மூன்று பந்து, இரண்டின் சராசரி. மூன்று பந்துகளும் 8 அங்குலத்துக்குள் நிற்காவிட்டால் அந்த அளவைத் தூக்கிப் போட்டுவிட்டு மறுபடி எடுங்கள். பெர்முடாவில் புல் ஒரு பக்கம் சாய்ந்து வளரும், அதனால் இரு திசையும் கட்டாயம்.

அடுத்து வெட்டும் இயந்திரம். டிஃப்ட்வார்ஃபுக்கு 4 முதல் 5 மி.மீ. வழக்கமான உயரம். அளவுகோல் பட்டையை வைத்து ரீலின் (சுழலும் வெட்டுருளையின்) இரு முனையிலும் உயரம் பாருங்கள், ஒரு பக்கம் அரை மி.மீ. ஏறியிருந்தாலே கிரீனில் கோடு கோடாகத் தெரியும். செய்தித்தாள் துண்டை ரீலுக்கும் அடிக்கத்திக்கும் இடையில் விட்டுக் கையால் சுற்றுங்கள். நீளம் முழுக்கச் சுத்தமாக வெட்ட வேண்டும், கிழித்தால் மொட்டை. மொட்டைக் கத்தி கிழித்த புல் நுனியில் பந்து இழுபடும், எந்த ரோலரும் அதைச் சரிசெய்யாது.

பிறகு கத்தியால் ஒரு ஆப்பு வடிவத் துண்டு எடுத்துப் பாருங்கள். பச்சைக்கும் மண்ணுக்கும் நடுவில் பழுப்பாகப் பஞ்சுபோல் இருக்கும் அடுக்கு 1.25 செ.மீ.க்கு மேல் இருந்தால் உங்கள் பிரச்சினை அங்கேதான். அதற்கு மருந்து அந்த அடுக்கை நெட்டுக்குத்தாகக் கீறி எடுக்கும் செங்குத்துக் கத்தி, துளையிட்டு மண் எடுத்தல், மெல்லிய மணல் தூவல். யூரியா கொஞ்சம் அதிகமானாலும், தினமும் மாலை தண்ணீர் விட்டாலும் இதே பஞ்சுத்தன்மை வரும். துள்ளலைப் பொறுத்தவரை, பந்து விழுந்து ஆறாத தழும்பும் சீரற்ற மணலும்தான் பெரும்பாலும் காரணம். சின்னப் பொசபொசப்பு ரோலரில் அடங்கும். கையால் தடவினால் தெரியும் பள்ளம் அடங்காது, அதற்கு மணல்தான்.

இத்தனையும் சரிசெய்து இரண்டு வாரம் கழித்து அளந்தால் எங்கே நிற்கிறதோ அதுதான் உண்மையான தொடக்கம். ரோலர் அதன் மேல் உருட்டிய அன்று ஏறத்தாழ அரை அடி முதல் ஒரு அடி வரை கூட்டும், ஓரிரு நாளில் அது கரையும். 7 அடியை 11 ஆக்கும் என்று யாராவது விற்க வந்தால் நம்பாதீர்கள். ரோலரின் பெரிய லாபம் வேறு: வேகம் குறையாமல் வெட்டு உயரத்தைச் சற்று ஏற்றலாம், சில நாள் வெட்டாமல் உருட்டி மட்டும் விடலாம். புல்லுக்கு அது பெரிய நிம்மதி.

இப்போது பயன்படுத்திய ஓட்டும் ரோலர். படத்தைப் பார்த்து முன்பணம் கட்டாதீர்கள், நேரில் போங்கள். ஒரு மீட்டர் நேர் அளவுகோல், டயல் கேஜ், ஒரு பழைய அட்டைப்பெட்டி எடுத்துப் போங்கள். டிரம்மைத் தரையிலிருந்து தூக்கிக் கையால் சுற்றுங்கள். டயல் கேஜ் முள் அரை மி.மீ.க்கு மேல் ஆடினால் டிரம் கோணல் அல்லது பேரிங் போய்விட்டது. மேலும் கீழும் அசைத்துப் பார்த்தால் இரண்டில் எது என்று தெரியும். பேரிங் மாற்றுவது எளிது, கோணல் டிரம்மை மாற்றுவது செலவு. கோணல் டிரம் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு அலையைக் கிரீனில் பதிக்கும். காலைப் பனியில் சாய்வாகப் பார்த்தால் துவைக்கும் பலகை மாதிரி தெரியும். அளவுகோலை டிரம் நீளத்துக்கு வைத்து அடியில் வெளிச்சம் தெரிகிறதா பாருங்கள். விளிம்பில் விரலை ஓட்டுங்கள்: உருண்டையாக வழுக்க வேண்டும், பிசிறு தட்டக் கூடாது. சிமென்ட் பாதையிலும் சரளையிலும் டிரெய்லரில் ஏற்றாமல் டிரம்மிலேயே ஓட்டிய இயந்திரத்தில் விளிம்பு கத்தி போலிருக்கும்.

அட்டைப்பெட்டியைப் பிரித்து இயந்திரத்தின் அடியில் விரியுங்கள். இன்ஜினை 20 நிமிடம் ஓட விட்டு, இரு திசையும் மாறி மாறி ஓட்டி, மறுபடி அட்டை மேல் நிறுத்திப் பதினைந்து நிமிடம் விடுங்கள். ஒரு சொட்டு ஹைட்ராலிக் ஆயில் விழுந்தாலும் எங்கிருந்து என்று கண்டுபிடிக்காமல் பேச்சை மேலே கொண்டுபோக வேண்டாம். சூடாக இருக்கும்போதே லேசான சரிவில் நியூட்ரலில் வையுங்கள். தானாக நகர்ந்தால் இணைப்புக் கம்பி சரியில்லை அல்லது பம்ப் தேய்ந்திருக்கிறது. முதலாவது அரை மணி நேர வேலை, இரண்டாவது இயந்திரத்தின் விலையையே கேட்கும். நிறுத்துப் பிரேக்கையும் அங்கேயே பாருங்கள். இந்த ரோலர்களில் ஓட்டுநர் பக்கவாட்டில் உட்கார்ந்து இடமும் வலமுமாக ஓட்டுவார். பிரேக் இல்லாத ரோலர் சரிவில் மணற்குழி பக்கம் போனால் ஆளோடு கவிழும். கட்டாயம் கேட்க வேண்டிய இன்னொன்று: பெல்ட், சீல், ஹோஸ் ஆகியவை அளவு கொடுத்தால் ஓசூரிலோ பெங்களூரிலோ கிடைக்குமா, வெளிநாட்டிலிருந்துதான் வர வேண்டுமா? இழுத்துச் செல்லும் டிரெய்லர் இல்லாமல் வாங்கினால் அதையும் செய்ய வேண்டிவரும்.

பட்டறை ரோலர் செய்வதானால் இப்படிச் செய்யுங்கள். 8 அங்குலக் குழாய், வெளிவிட்டம் 219 மி.மீ., சுவர்க்கனம் 8 மி.மீ. மீட்டருக்குச் சுமார் 42 கிலோ வரும். 45 செ.மீ. துண்டுகள் இரண்டு, ஒரே தண்டில், தனித்தனியாகச் சுற்றும்படி. ஒரே நீள டிரம்மாகச் செய்தால் திருப்பும்போது வெளிமுனை இழுபட்டுப் புல்லைத் திருகிவிடும். இரண்டுக்கும் இடைவெளி 3 மி.மீ.க்கு மேல் வேண்டாம், மேடாகக் கோடு விழும். மூடித்தகடு 12 மி.மீ. அதை வெல்டிங் வைத்த பிறகுதான் லேத்தில் கடைய வேண்டும். முன்பே கடைந்தால் வெல்டிங் சூட்டில் குழாய் மறுபடி கோணும். பட்டறைகளில் பெரும்பாலும் தவறுவது இந்த ஒரு இடத்தில்தான், வேலை கொடுக்கும்போதே எழுதிக் கொடுங்கள். விளிம்பை 8 முதல் 10 மி.மீ. ஆரத்தில் உருட்டச் சொல்லுங்கள். மூடிய பேரிங் போடுங்கள். டிரம் மேல் பெயின்ட் வேண்டாம், உரிந்த இடத்தில் ஈரப்புல் ஒட்டும்.

தண்டு, சட்டம், கைப்பிடி எல்லாம் சேர்ந்து 65 கிலோவுக்குள் நிற்கும், அதாவது செ.மீ.க்கு 0.7 கிலோ. மென்மையானது, கெடுதல் செய்யாது. ஆனால் ஒரு கிரீன் 500 சதுர மீட்டர் என்றால் 9 கிரீன் 4,500 சதுர மீட்டர். 10 செ.மீ. மேல்படிய உருட்டினால் ஒரு முறைக்கு 5.6 கிலோமீட்டர் நடை, 65 கிலோவைத் தள்ளிக்கொண்டு. காலை ஆட்டத்துக்கு முன் ஒரு ஆளால் முடிகிற வேலை இல்லை. பயிற்சிக் கிரீனுக்கும், முக்கியமான இரண்டு கிரீனுக்கும் வைத்துக்கொள்ளலாம்.

வாங்கிய பிறகு எத்தனை முறை உருட்டுவது? வாரம் இரண்டு, அதிகபட்சம் மூன்று. தினமும் உருட்டினால் புல் மெலியும். மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழக ஆய்வுகளில் வாரம் மூன்று முறை உருட்டிய தரையில் டாலர் ஸ்பாட் பூஞ்சை நோய் குறைந்தது தெரியவந்தது. ஆனால் அது குளிர்நாட்டு பென்ட் புல்லில் செய்தது, நம் அருகம்புல் குடும்பத்துப் பெர்முடாவுக்கு அப்படியே பொருத்திவிடக் கூடாது. மார்கழி, தை இரவுக் குளிரில் ஓசூர் மேட்டில் பெர்முடா வளர்ச்சி மந்தமாகும், தேய்ந்த இடம் ஆற நாளாகும். அப்போது வாரம் ஒன்று போதும். மணல் தூவிய அன்று முதலில் பிரஷ் இழுத்து மணலை உள்ளே இறக்குங்கள், அதற்கு முன் உருட்டினால் மணல் இலையை அரைக்கும். மதியம் புல் நீலம் பாய்ந்து சுருண்டிருக்கும்போது தொடவே தொடாதீர்கள்.

மழைக்குப் பின் உருட்டலாமா என்பதற்கு ஒரு கைச்சோதனை: கிரீன் ஓரத்தில் 5 செ.மீ. ஆழத்து மண்ணை எடுத்து உள்ளங்கையில் உருட்டுங்கள். சுண்டுவிரல் கனத்தில் கயிறாகத் திரண்டால் அன்று ரோலரை வெளியே எடுக்க வேண்டாம். உதிர்ந்தால் ஓட்டலாம்.

ஒவ்வொரு முறையும் திசையை மாற்றுங்கள். கடிகார முள் மாதிரி 12–6, அடுத்த முறை 3–9, பிறகு குறுக்கே. திரும்புவதும் நிற்பதும் எப்போதும் கிரீனுக்கு வெளியே, அதுவும் தினம் ஒரே இடத்தில் வேண்டாம். ரோலர் வந்த பிறகு முதலில் சாவது கிரீன் நடுப்பகுதி அல்ல, சுற்றியுள்ள ஓரப்பட்டைதான். ஹைட்ராலிக் ஆயில் சிந்திவிட்டால் துணியால் தேய்க்காதீர்கள், பரவும். உலர்ந்த மரத்தூள் போட்டு உறிஞ்ச விட்டு, பாத்திரம் கழுவும் திரவம் கலந்த தண்ணீரால் அலசுங்கள். சூடான ஆயில் பட்ட புல் எப்படியும் கருகும். மாற்றுப் புல் வளர்க்கும் நாற்றங்கால் கிரீனிலிருந்து புல்பட்டை எடுத்து ஒட்டத் தயாராக இருங்கள்.

மண் இறுகுகிறதா என்று மாதம் ஒருமுறை பார்க்க 15 செ.மீ. விட்டமுள்ள பி.வி.சி. குழாய்த் துண்டு போதும். கிரீன் மேல் 2 செ.மீ. இறக்கி, ஒருமுறை தண்ணீர் விட்டு நனைத்த பின் 440 மி.லி. ஊற்றுங்கள். அது 2.5 செ.மீ. உயரம் நிற்கும். வடிய எத்தனை நிமிடம் என்று குறித்துக்கொள்ளுங்கள். ரோலர் வருவதற்கு முன்பே ஒன்பது கிரீனிலும் இந்த எண் உங்கள் நோட்டில் இருக்க வேண்டும். அதோடு, ஒரு கிரீனில் பாதியை மட்டும் மூன்று மாதம் உருட்டாமல் விட்டு வையுங்கள், எல்லையில் வண்ண முளை அடித்து. உருட்டிய பாதியில் வடியும் நேரம் மற்ற பாதியைப் போல இரு மடங்கானால் வாரத்துக்கு ஒருமுறையாகக் குறைத்து, துளையிட்டு மண் எடுக்கும் வேலையை உடனே செய்யுங்கள்.