எலும்பைப் படித்து என்ன உத்தியோகம்?

கேள்வி: அன்புள்ள அக்கா, எனக்கு 24 வயது. திருக்கோவில் ஊருக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். உயர்தரத்தில் கலைப்பிரிவு படித்தேன். வெட்டுப்புள்ளி தவறியதால் பல்கலைக்கழகம் கிடைக்கவில்லை. இப்போது முன்பள்ளியில் கற்பிக்கிறேன். எங்கள் ஊரில் குடி, அதாவது குலப்பிரிவு, தாய்வழியாக வருகிறது, வீடு பெண்பிள்ளைக்குப் போகிறது. அக்கரைப்பற்றில் இருக்கும் என் முஸ்லிம் நண்பியின் வீட்டிலும் அப்படித்தான். ஏன் என்று கேட்டால், ‘அது அந்தக் காலத்து வழமை’ என்கிறார்கள். இதையெல்லாம் படிப்பதற்கு மானிடவியல் என்று ஒரு துறை இருப்பதாக அறிந்தேன். இணையத்தில் தேடினால் ஒரு பாடம் இலவசம், இன்னொன்று 300 டொலர். எதில் தொடங்குவது? ஆங்கிலம் வாசிப்பேன், ஆனால் மெதுவாகத்தான். ‘எலும்பைப் படித்து என்ன உத்தியோகம்?’ என்று அப்பா கேட்கிறார்.
ஒரு வாசகி, அம்பாறை மாவட்டம்

பதில்: தங்கச்சி, முதலில் அந்த 300 டொலரை வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள். துறை தனக்கு ஒத்துவருமா என்று தெரிவதற்கு முன்பே சான்றிதழுக்குக் காசு கட்டுவது, மாப்பிள்ளையைப் பார்க்காமல் மண்டபம் பதிவு செய்கிற கதைதான்.

அப்பா சொல்வதில் கால் பங்கு உண்மை இருக்கிறது. அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் வழக்கப்படி மானிடவியலுக்கு நான்கு கிளைகள். உடல்சார் மானிடவியல் எலும்பையும் மரபணுவையும் பார்க்கும். மற்றவை தொல்லியல், மொழிசார் மானிடவியல், பண்பாட்டு மானிடவியல். உங்கள் கேள்வி முழுக்கக் கடைசிக் கிளையைச் சேர்ந்தது. ஆகவே எந்தப் பாடத்தில் சேருவதற்கு முன்னும் அதன் வாராந்த உள்ளடக்கத்தைத் திறந்து பாருங்கள். குரங்கும் புதைபடிவமும் பாதிப் பாடத்தைப் பிடித்திருந்தால் அது நல்ல பாடமாக இருக்கலாம், ஆனால் உங்களுக்கு இப்போது தேவையானது அதுவல்ல.

தொடங்குவதற்கு ஒரே ஒரு பாடநூல் போதும். அமெரிக்க மானிடவியல் சங்கத்தின் ஆதரவில் வெளிவந்த ‘பெர்ஸ்பெக்டிவ்ஸ்’ என்ற பண்பாட்டு மானிடவியல் அறிமுகநூலின் இரண்டாம் பதிப்பு (2020) இணையத்தில் முழுவதும் இலவசம். ‘ஓபன்ஸ்டாக்ஸ்’ நிறுவனம் 2022இல் வெளியிட்ட அறிமுகநூலும் இலவசம்தான், ஆனால் அது நான்கு கிளைகளையும் தொடுகிறது. முதலாவதைத் தரவிறக்கி வைத்துக்கொண்டால் டேட்டாவும் மிச்சம். வீடியோ விரிவுரைகளுக்கு அவசரமில்லை. மெதுவாக வாசிப்பவருக்குப் புத்தகம் காத்திருக்கும், வீடியோ ஓடிவிடும்.

முதல் பக்கத்திலிருந்து வாசிக்கவும் வேண்டாம். துறையின் வரலாறு, கோட்பாடுகள் என்று தொடங்கினால் மூன்றாம் நாளே கொட்டாவி வரும். நேரே குடும்பமும் திருமணமும் பற்றிய அத்தியாயத்துக்குப் போங்கள், அடுத்துக் களப்பணி பற்றிய அத்தியாயம். ஆங்கிலம் இடறும் இடங்களில் பக்தவத்சல பாரதியின் ‘பண்பாட்டு மானிடவியல்’ துணைக்கு வரும். கலைச்சொற்களைத் தமிழில் பிடித்துக்கொண்டால் ஆங்கிலப் பந்தி பாதி தானாகவே விளங்கிவிடும்.

உறவுமுறை அத்தியாயத்தில் உங்களுக்கு ஒரு வசதி உண்டு. மாமாவின் மகனும் பெரியப்பாவின் மகனும் ஒரே வகை உறவில்லை என்பதை வெளிநாட்டு மாணவர் படம் போட்டுத்தான் மனத்தில் பதிக்க வேண்டும். நீங்களோ ஒருவரை மச்சான் என்றும் மற்றவரை அண்ணன் என்றும் அழைத்து வளர்ந்தவர். அங்கே தாய்வழிச் சமூகத்துக்கு உதாரணமாகப் பெரும்பாலும் பப்புவா நியூகினியின் ட்ரோப்ரியண்ட் தீவினரோ கேரளத்து நாயர்களோ வருவார்கள். மட்டக்களப்பு வருவது அபூர்வம். அதை நீங்கள்தான் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

அதற்கு ஒரு கொப்பியும் பென்சிலும் போதும். ஆணுக்கு முக்கோணம், பெண்ணுக்கு வட்டம், திருமணத்துக்குச் சமன்குறி. உங்கள் குடும்பத்தின் மூன்று தலைமுறையை இப்படி வரையுங்கள். ஒவ்வொருவருக்கும் கீழே அவருடைய குடி, கல்யாணத்துக்குப் பிறகு எந்த வீட்டில் குடியிருந்தார், அந்த வீடு யார் பெயரில் இருந்தது என்று எழுதுங்கள். பிறகு நண்பியின் உம்மாவிடமும் மூத்தம்மாவிடமும் கேட்டு இன்னொரு படம். இரண்டையும் பக்கத்தில் வைக்கும்போது உங்கள் கேள்வி கூர்மையாகும். சீதன வீடு யாழ்ப்பாணத்திலும் உண்டு, தாய்வழிக் குடி அங்கே இல்லை. இங்கே அது தமிழரிடமும் முஸ்லிம்களிடமும் இருக்கிறது. ஒரே மதமும் ஒரே மொழியும் இருந்தால் வழமையும் ஒன்றாகவே இருக்கும் என்ற எண்ணம் இந்த இடத்தில் நிற்காது.

படத்தில் விதிக்குப் பொருந்தாத வீடுகளும் வரும். அவற்றை அழித்துவிடாதீர்கள், சுவையானவையே அவைதாம். 2004 சுனாமிக்குப் பிறகு கட்டிக் கொடுத்த வீடுகள் பல, ‘குடும்பத் தலைவர்’ என்ற கணக்கில் ஆண்களின் பெயருக்குப் போயின. பெண்பிள்ளைக்கென்று இருந்த சொத்து ஒரு படிவத்தின் ஒரே கட்டத்தில் கைமாறியது. படிவம் தயாரித்தவர்களிடம் இந்தக் கரையின் வழமையை யாராவது எடுத்துச் சொல்லியிருந்தால்? ‘என்ன உத்தியோகம்’ என்று அப்பா கேட்கும்போது இதைச் சொல்லிப் பாருங்கள்.

இன்னொன்று. தாய்வழி என்றால் பெண்ணாட்சி என்று பொருள் கொள்ளக் கூடாது. கோயிலில் வண்ணக்கராக, அதாவது நிர்வாகப் பொறுப்பாளராக, நிற்பது யார், காணிப் பேச்சில் கடைசி வார்த்தை யாருடையது என்று பார்த்தாலே தெரிந்துவிடும்.

உங்கள் பகுதியைப் பற்றி எழுதப்பட்ட மானிடவியல் நூல்களும் குறைவில்லை. அக்கரைப்பற்றில் நெடுங்காலம் களப்பணி செய்த டெனிஸ் மக்கில்வ்ரேயின் ‘குரூசிபிள் ஒப் கொன்பிளிக்ட்’ (2008) இந்தக் குடிமுறையையே விரிவாகப் பேசுகிறது. மண்டூர் முருகன் கோயிலை வைத்து மார்க் விட்டேக்கர் 1999இல் ஒரு நூல் எழுதினார். கணநாத் ஒபேசேகரவின் பத்தினி (கண்ணகி) வழிபாடு பற்றிய பெரிய நூல் 1984இல் வந்தது. மூன்றுமே ஆறுமாதப் பாடநூல் வாசிப்புக்குப் பிறகு தொட வேண்டியவை. அதற்கு முன் வி. சீ. கந்தையாவின் ‘மட்டக்களப்புத் தமிழகம்’ (1964) வாசியுங்கள். அது மானிடவியலாளர் எழுதியது அல்ல, பெருமிதம் சற்றுத் தூக்கலாகவும் இருக்கும். ஆனால் தகவல் களஞ்சியம். இத்தகைய ஈழத்துப் பழைய நூல்களைத் தேட ‘நூலகம்’ இணையத்தளத்தை விடச் சிறந்த இடம் எனக்குத் தெரியாது.

வைகாசியில் கண்ணகி அம்மன் சடங்குக்கு எப்படியும் போவீர்கள். இந்த முறை குளிர்த்தி என்ற நிறைவுச் சடங்கு வரைக்கும் நின்று, எந்தச் சடங்கு யாருடைய பொறுப்பு, முதல் மரியாதை எந்தக் குடிக்கு, பெண்கள் எதுவரை போகலாம் என்று கவனியுங்கள். அன்றிரவே எழுதிவிடுங்கள். கண்டது, பிறர் சொன்னது, நான் நினைப்பது என்று மூன்றையும் தனித்தனியாக எழுதுங்கள். ஊர்க்காரருக்கு இதுதான் கடினம். தெரிந்த விஷயம்தானே என்று கண் தாண்டிப் போய்விடும். அந்த இடத்தில் வெளியூரிலிருந்து வருபவருக்குத்தான் வாய்ப்பு.

ஒரு எச்சரிக்கை. ‘நீங்கள் என்ன குடி?’ என்ற கேள்வி எல்லோருக்கும் இனிக்காது. குடிகளுக்குள் ஏற்றத்தாழ்வு பேசப்படுகிறது, சாதியும் கூடவே வருகிறது. போரில் பிள்ளையைப் பறிகொடுத்த தாயிடம் குடும்பப் படம் வரையக் கேட்டால் அந்தப் பெயர் வரும்போது பேச்சு நின்றுவிடும். அங்கே பென்சிலைக் கீழே வையுங்கள். அனுமதியில்லாமல் குரல் பதியாதீர்கள். வீட்டாரே அனுமதித்தாலும் உங்கள் குறிப்புகளை முகநூலில் போடாதீர்கள்.

இனி உத்தியோகம். இணையச் சான்றிதழைக் காட்டி அரசாங்க வேலை கிடைக்காது. அதை அப்பாவிடம் இப்போதே சொல்லிவிடுவது நல்லது. தொண்டு நிறுவனங்களின் கள வேலைக்கு விண்ணப்பிக்கும்போது உங்கள் கொப்பியும் நீங்கள் கேட்கத் தெரிந்த விதமும் உதவும், ஆனால் பட்டம் இருந்தால்தான் சம்பளம் உயரும். திறந்த பல்கலைக்கழகத்துக்கு மட்டக்களப்பில் பிராந்திய நிலையம் இருக்கிறது. முன்பள்ளி விடுமுறையில் ஒரு நாள் பஸ் ஏறிப் போய், சமூகவியலோடு ஒட்டிய பட்டப் பாடங்கள் எவை, அவற்றில் தமிழ்மூலம் எவை, தவணைமுறையில் கட்டலாமா என்று நேரில் கேளுங்கள். உயர்தரப் பெறுபேற்றின் பிரதியைக் கையோடு கொண்டு போங்கள், அப்பாவையும் கூட்டிக்கொண்டு போங்கள்.