இலவசப் படிப்புக்கு ஆண்டுச் சந்தா கட்டலாமா?

கேள்வி: ஓராண்டில் பதினொரு இலவச இணையவழிப் படிப்புகளில் சேர்ந்தேன். ஒன்றைக்கூட முடிக்கவில்லை. பணம் கட்டினால்தான் ஒழுங்காகப் படிப்பேன் என்று தோன்றுகிறது. எல்லாப் படிப்புகளும் அடங்கிய ஆண்டுச் சந்தா இப்போது தள்ளுபடியில் கிடைக்கிறது. அவசரத் தேவைக்கான சேமிப்பிலிருந்து எடுத்துக் கட்டலாமா? வேறு வேலைக்கு மாறும் எண்ணமும் இருக்கிறது.

பதில்: கட்ட வேண்டாம். வேலை மாற நினைப்பவர் அந்தச் சேமிப்பைக் கூட்ட வேண்டிய நேரம் இது. அதில் கை வைக்கும் நேரம் அல்ல.

முடிக்கவில்லையே என்று குன்றிப்போகவும் வேண்டாம். 2011-இல் ஸ்டான்ஃபோர்டு பேராசிரியர்கள் நடத்திய செயற்கை நுண்ணறிவுப் படிப்பில் சுமார் 1,60,000 பேர் சேர்ந்தார்கள்; முடித்தவர்கள் இருபதாயிரத்துச் சொச்சம். அடுத்த ஆண்டு எடெக்ஸ் என்ற இணையப் படிப்புத் தளத்தில் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகம் நடத்திய மின்சுற்றுப் படிப்பில் 1,55,000 பேர் சேர்ந்து ஏழாயிரத்துச் சொச்சம் பேர் தேறினார்கள். சேர்வதற்கு ஒரு சொடுக்கு போதும், அதனால்தான் இந்தக் கூட்டம்.

"பணம் கட்டினால் முடிப்பேன்" என்கிறீர்கள். எம்.ஐ.டி., ஹார்வர்டு இணையப் படிப்புகளின் கணக்கு ஒன்று 2019-இல் சயன்ஸ் இதழில் வெளியானது. 2017-18-இல் சேர்ந்தவர்களில் ஏறத்தாழ 3 சதவீதம் பேரே முடித்திருக்கிறார்கள். சான்றிதழுக்குப் பணம் கட்டியவர்களில் 46 சதவீதம். சந்தா விற்பவருக்கு இந்த இரண்டாவது எண் தேன். ஆனால், முடித்தே தீருவேன் என்றிருப்பவர்தானே முதலில் பணத்தை எடுத்து வைக்கிறார்? அப்படிக் கட்டியவர்களிலும் பாதிக்கு மேல் முடிக்கவில்லை. நானும் அந்தக் கட்சிதான். ஒரு தளத்தில் மாதச் சந்தா கட்டி, இரண்டு பாடம் பார்த்துவிட்டு மறந்தேன். கடன் அட்டைக் கணக்கைப் பார்த்தபோது நான்காவது மாதமும் பிடித்திருந்தார்கள்.

இத்தளங்களின் நிலையையும் பாருங்கள். பாடம் தயாரிக்கச் செலவு உண்டு. தொடக்கத்தில் இலவசமாகத் தந்த சான்றிதழுக்குப் பிறகு கட்டணம் வந்தது. பல படிப்புகளில் மதிப்பெண் தரும் பயிற்சிகளும் பணம் கட்டாதவர்களுக்குப் பூட்டப்பட்டன. எடெக்ஸை 2021-இல் 80 கோடி டாலருக்கு வாங்கிய 2யூ நிறுவனம், 2024-இல் திவால் பாதுகாப்புக் கேட்டு நீதிமன்றம் போனது. இப்படிப்பட்ட தொழிலில் ஓராண்டுப் பணத்தை முன்கூட்டியே கொடுத்து வைப்பானேன்?

நீங்கள் விரும்பும் வேலைக்கான விளம்பரங்களில் இருபதை எடுத்து, என்ன திறன் கேட்கிறார்கள் என்று எழுதுங்கள். சான்றிதழைக் கேட்பவர்கள் எத்தனை பேர் என்பதையும் எண்ணுங்கள். அந்தத் திறன்களுக்குப் பொருந்தும் ஒரே படிப்பை வைத்துக்கொண்டு மற்ற பத்திலிருந்தும் விலகுங்கள். நான்கு வாரம் இலவசமாகவே பாருங்கள். உட்கார்ந்த மணி நேரத்தை நாட்காட்டியில் குறியுங்கள். வாரம் நான்கு மணி நேரம் தேறினால், பூட்டிய பயிற்சிகளுக்காக மட்டும் ஒரு மாதச் சந்தா கட்டுங்கள், அதுவும் சம்பளத்திலிருந்து. கோர்செரா போன்ற தளங்களில் கட்டண உதவிக்கு விண்ணப்பிக்கலாம். முடிவு தெரியச் சில நாட்கள் ஆகும், முன்பே போட்டுவிடுங்கள்.

பணம் கட்டிய அன்றே தானாகப் புதுப்பிக்கும் வசதியை நிறுத்துங்கள். கட்டிய மாதம் முடியும்வரை பெரும்பாலும் பாடம் திறந்தே இருக்கும்.